நான் காய்ச்சிய பீர்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு
புளித்து அடங்கிய பீரை இன்று எஃகுப் பீப்பாய்க்கு மாற்றினேன். இனி பாட்டில் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு கேஸ் பூட்டிக் குழாயிலேயே பிடிக்கலாம். மெர்கோங்கில், இந்தத் தாமான் வீடுகளில், வேறு எவள் செய்வாள்?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வசந்தனின் கூட்டாளி பரஞ்சோதி வந்தார். போன தடவை குடித்ததைப் பற்றியே பேச்சு. "எப்படிலா காய்ச்சுற, வசந்தா?" இவர் சிரித்துக்கொண்டே, "அது ரகசியம்லா" என்றார்.

நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஏன் போனேன்?

30 செப்டம்பர்
ஏன் என் பேரைச் சொல்லலைன்னு இவரிடம் கேட்டேவிட்டேன். "பொம்பளை பீர் காய்ச்சுறான்னு தெரிஞ்சா என்னா பேசுவாங்க? அம்மா காதுக்குப் போனா?" மாமியார் காளியம்மா பண்டார் பாருவில் இருக்கிறார், தீபாவளிக்கு வருவார். இவரும் கூட்டாளிகளும் குடிக்கலாமாம். யார் காய்ச்சுனதுன்னு மட்டும் வெளிய வரக்கூடாதாம்.

4 அக்டோபர்
கேஸ் நிரப்ப நானே போனேன். கடை முதலாளி, சீனத் தவ்க்கே, சிலிண்டரைப் பார்த்து, "மீன் தொட்டிக்கா?" என்று மலாயில் கேட்டார்.
"இல்ல, பீருக்கு."
"புருஷனுக்கா?"
"எனக்கு."

5 அக்டோபர்
போச்சு. காலையில் பார்த்தால் சிலிண்டர் காலி. ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் வாஷர் போட மறந்துட்டேன். என் தப்புதான். "விட்டுரு லோகா, டின் பீர் வாங்கிக்கலாம்" என்கிறார். விடுறதா?

11 அக்டோபர்
மறுபடி நிரப்பினேன். வாஷர் போட்டு இறுக்கி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை! பீப்பாய் பழைய ஐஸ்பெட்டிக்குள். கேஸ் பீரில் மெல்லக் கரையணும். யாரும் தொடக்கூடாது.

20 அக்டோபர், தீபாவளி
மதியம் வீடு நிறைய ஆள். முதல் கிளாஸ் வெறும் நுரை. அழுத்தத்தைக் குறைத்தேன் — அடுத்தது தெளிவாய் இறங்கியது. பரஞ்சோதி குடித்துவிட்டு இவர் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்லா நீ!"

இவர் வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, காய்ச்சுனது நான். கேஸ் பூட்டுனதும் நான்" என்றேன்.

மாமியார் எழுந்தார். "குடும்பத்துப் பொம்பளை செய்யுற வேலையா இது?"

"ஆமாங்க அத்தை. உங்க மகனும் இதைத்தான் குடிக்கிறாரு."

அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று. எல்லார் முன்னாலும் நின்றே குடித்தேன்.

22 அக்டோபர்
அத்தை என்னிடம் சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டார். இவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

2 நவம்பர்
அடுத்த பீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். கூடத்தில் இவர் போனில். பரஞ்சோதியும் ஒரு பீப்பாய் வாங்கிவிட்டாராம், அழுத்தம் எவ்வளவு வைக்கணும்னு கேட்கிறார் போல.

இவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம், "எனக்கென்னலா தெரியும்? இரு, லோகாகிட்ட தர்றேன்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.