என் பெயரில் இருந்தவள்

11 பெப்ரவரி 1975, செவ்வாய்

மலேசியப் பிள்ளைகள் இருவரும் போனபிறகு வீடு பெரிதாகிவிட்டது. காலையில் நான்கு பேர் ஒரு குளியலறைக்குச் சண்டை பிடித்த வீடு. இன்று அவர்களின் அறையைக் கூட்டினேன். அலுமாரிக்குப் பின்னால் 1972ஆம் ஆண்டுப் பரீட்சை அட்டவணை ஒட்டியபடியே இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. இனி இந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டில் நானும் விமலாவும் மட்டும்.

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன பால் பரிசோதனை ஆய்வுகூடத்து மேலாளர் தொலைபேசியில் கேட்டார், அனுமதிக் கடிதம் வந்ததா என்று. இன்னும் இல்லை என்றேன். ஏப்ரல் முடியும்வரை எனக்காக இடத்தை வைத்திருப்பாராம், அதற்கு மேல் இயலாதாம்.

படிக்கும்போது விடுமுறைகளில் வேலை செய்யலாம் என்றிருந்தது. படித்து முடித்து, உணவுத் தொழில்நுட்பப் பட்டமும் கையில் வந்தபிறகு வேலை செய்யக்கூடாது. மாணவர் அனுமதி டிசம்பரோடு முடிந்தது. நிரந்தரமாய்த் தங்க விண்ணப்பித்தாயிற்று. பதில் வரும்வரை நாட்டில் இருக்கலாம், அவ்வளவுதான். மாணவியும் இல்லை, உத்தியோகக்காரியும் இல்லை. பகல் முழுதும் வீட்டில் இருந்து யன்னலால் ரயிலைப் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கு விமலா வந்தாள். கையெல்லாம் அப்ரிகாட் பழ வாசம்.

16 பெப்ரவரி, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது.

எழுபத்தொன்றாம் ஆண்டு மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டில் வந்து இறங்கினேன். பல்கலைக்கழகப் பதிவு வரிசையில் எனக்கு முன்னால் நீலச் சேலையில் ஒருத்தி. திரும்பிப் பார்த்து, "தமிழா?" என்றாள். கோயம்புத்தூர், விமலாதேவி, நெசவுத் தொழில்நுட்பம். நான் மரியாதையாய், "நீர் எப்ப வந்தனீர்?" என்று கேட்டேன். சிரி சிரி என்று சிரித்தாள். "எங்க ஊர்ல நீர்னா தண்ணி. என்னை நீன்னே கூப்பிடு." அன்றிலிருந்து நீதான்.

முதல் குளிர்காலத்தில் இரண்டு பேரும் ஒரு ஹீட்டருக்கு முன்னால் ஒரே போர்வைக்குள் இருந்து படித்தோம். பெட்டியில் வரும் உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துப் பால் பிழியக் கண்டுபிடித்தவள் அவள்தான். துவரம்பருப்பு கிடைக்காமல் மஞ்சள் பட்டாணிப் பருப்பில் சாம்பார் வைப்பாள். அது சாம்பாரும் இல்லை, எங்களுடைய பருப்புக் கறியும் இல்லை. ஆனால் அந்த ருசியை இனி எங்கே போய்த் தேடுவேன்?

எழுபத்துமூன்றில் பரீட்சைக்கு ஒரு கிழமை முன்னால் அவளுடைய அப்பா செத்துப்போன தந்தி வந்தது. போக முடியவில்லை. கண் வீங்கியபடி போய்ப் பரீட்சை எழுதினாள். இரண்டு பாடம் தவறியது. மறு வருடம் ஒன்றில் தேறினாள். சாயவியல் மறுபடியும் போய்விட்டது. திரும்ப எழுதலாம் என்றது பல்கலைக்கழகம். இரண்டு தரம் தவறியவர்களுக்கு அனுமதி நீடிப்பதில்லை என்றது குடிவரவு அலுவலகம். அவள் நாட்டை விட்டுப் போகவில்லை. ஒரே ஒரு பாடம். எப்படிப் போவாள்?

டிசம்பரில், குசினியில் வெங்காயம் உரித்தபடி நான்தான் சொன்னேன். "ஜாம் ஃபாக்டரிக்கு நீ என்ர பேரில போவன். அங்க ஆர் எங்களை வித்தியாசம் பாக்கினம்?"

நான் மூன்று கோடை விடுமுறையில் வேலை செய்த இடம். என் பழைய வேலை அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். மேற்பார்வை செய்யும் இத்தாலியக்காரி ரோசா, "யோகா, இந்த வருஷம் நீ வளர்ந்திட்டாய்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாளாம். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்.

12 மார்ச், புதன்

குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம். அதிகாரி வயதானவர், கதிரையை எனக்காக இழுத்துவிட்டார். என் விண்ணப்பத்தில் முன்பு வேலை செய்த இடம் என்று ஜாம் தொழிற்சாலையைப் போட்டிருந்தேன் அல்லவா, அவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறார்கள். வந்த பதிலை எனக்கு வாசித்துக் காட்டினார்.

மிகச் சிறந்த தொழிலாளி. ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. ஜனவரியிலிருந்து இன்றுவரை எங்களோடு வேலை செய்கிறார். இழக்க விரும்பமாட்டோம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகுதான் அந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன்.

அனுமதி இல்லாத மாதங்களில் வேலை செய்திருந்தால் விண்ணப்பம் நிற்காது என்றார். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும்.

13 மார்ச்

விமலாவிடம் சொல்லவில்லை. ரோசா தந்ததென்று ஒரு போத்தல் ஜாம் கொண்டுவந்தாள்.

16 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். சேகரும் இருந்தார். விமலாவின் ஊர்க்காரர், ஆராய்ச்சி மாணவர், ஞாயிறுதோறும் எங்களோடு சாப்பிடுபவர். கடிதத்தில் இருந்ததைச் சொன்னபோது விமலா மெல்ல, "ஒரு நாள்கூட லீவு போடலை, அது உண்மைதான்" என்றாள். பிறகு எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். குழாய்ச் சத்தத்துக்குள் அழுதாள்.

தொழிற்சாலையில் பழைய பெயரைத் தவறுதலாய்ப் பதிந்துவிட்டார்கள் என்று எழுதச் சொன்னார் சேகர். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார். நான் எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்து, நாலாம் தரம் எழுதியதை உறைக்குள் போட்டு ஒட்டினேன். விமலா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 மார்ச், புதன்

காலையில் அவள் இல்லை. கோட் கொழுவியில் கோட் இல்லை. வேலைக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்தாள். சேலை கட்டியிருந்தாள், ஃபாக்டரிக்கு ஒரு நாளும் சேலை கட்டாதவள். சேலையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது எனக்கு.

"எங்க போனனீ?"

"அந்த ஆபீஸுக்குத்தான். என் பேரைச் சொன்னேன். மூணு மாசமா யாருமே என் பேரைக் கேக்கலை, யோகா. சொன்னப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

என் அட்டையை எனக்குத் தெரியாமல் எடுத்துப் பாவித்ததாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல். அவள் மூன்று கிழமைக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டுமாம். நான் சத்தம் போட்டேன். ஏனடி, ஏன் என்னைக் கேக்காமப் போனனீ, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. அவள் சேலையை மடித்தபடியே பதில் சொன்னாள்.

"ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தி போறது மேல். நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. ஒட்டி வெச்ச லெட்டரை அனுப்பாதே, தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

26 மார்ச், புதன்

அந்த வயதான அதிகாரி கேட்டார். அவள் உங்கள் பெயரில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியுமா?

இல்லை என்றேன்.

எழுதிக்கொண்டார். பேனா மை காயும்வரை காத்திருந்து தாளைத் திருப்பினார்.

9 ஏப்ரல், புதன்

விமான நிலையம். சேகரின் காரில் போனோம். வழியெல்லாம் அவள்தான் கதைத்தாள். எழுபத்திரண்டில் நாங்கள் கடற்கரைக்குப் போய்ச் சேலையோடு நனைந்து, ஈரத்தோடு ரயிலில் நின்றபடி வந்த கதை. சேகருக்கு அது தெரியாது. சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளே போகும் வாசலில், "போயிட்டு வர்றேன்" என்றாள். அப்படித்தான் சொல்லவேண்டும், வழமை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் விலகச் சொல்லும்வரை.

24 ஏப்ரல், வியாழன்

கடிதம் வந்தது. நிரந்தரமாகத் தங்கலாம், எந்த வேலையும் செய்யலாம். பால் ஆய்வுகூடத்து மேலாளர் திங்கட்கிழமை வரச் சொன்னார். அம்மாவுக்குத் தந்தி அடித்தேன். அம்மா நல்லூர்க் கோயிலுக்குப் போவா.

வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வேலை பிடித்திருக்கிறது. காலையில் முதல் மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை விறைக்கும். கொழுப்புச் சோதனை, அமிலச் சோதனை, கிருமி எண்ணுவது. இப்போது ஒரு பிரிவு முழுதும் என் பொறுப்பில்.

இன்று மஞ்சள் பட்டாணிப் பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்ன அளவுதான், அவள் வாங்கும் அதே கடைப் பருப்புத்தான். சேகர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். நன்றாக இல்லை.

விமலாவின் கடிதங்கள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. தம்பி வீட்டில் இருக்கிறாளாம். பட்டம் முடியாமல் வந்ததை ஊரில் எல்லாரும் கேட்கிறார்களாம்.

27 ஜனவரி 1976, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு அறையில் யாரோ விட்டுப்போன பத்திரிகை. அனுமதி முடிந்தும் இந்நாட்டில் தங்கியிருப்பவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்பு அளிக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் தாமாக வந்து பதிந்தால் நிரந்தரமாய்த் தங்க அனுமதி கேட்கலாம். நல்ல நடத்தை, நல்ல ஆரோக்கியம் இருந்தால் போதும்.

மூன்று தரம் வாசித்தேன்.

ஒன்பது மாதம். ஒன்பதே மாதம் அவள் எங்கேயாவது ஒளிந்திருந்திருந்தால். ஒளிந்துதானே இருந்தாள், என் பேருக்குள்ளே. நான் அந்த விண்ணப்பத்தில் தொழிற்சாலையின் பெயரைப் போடாமல் விட்டிருந்தால்? அந்த அதிகாரி கேட்டபோது ஓம், தெரியும் என்று சொல்லியிருந்தால்? அப்போதும் அவள் போயிருப்பாள். ஆனால் கள்ளி என்ற பேரோடு போயிருக்கமாட்டாள்.

பிற்பகல் சோதனைகளில் இரண்டைப் பிழையாகச் செய்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

9 பெப்ரவரி, திங்கள்

அரை நாள் விடுப்பு எடுத்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். விமலா மறுபடியும் மாணவியாக வந்து அந்த ஒரு பாடத்தை முடிக்க விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். விண்ணப்பிக்கலாமாம், ஆனால் முன்பு இன்னொருவரின் அட்டையைத் திருடி வேலை செய்தது கோப்பில் இருக்கிறதாம். கருமபீடத்தில் நின்று விண்ணப்பங்களை வாங்கும் இளம்பெண் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். நின்றபடியே எழுதினேன். அட்டை திருடப்படவில்லை. நானே கொடுத்தேன். கொடுத்தது டிசம்பரில், என் வீட்டுக் குசினியில். சென்ற வருடம் மார்ச் 26ஆம் திகதி தெரியாது என்று நான் சொன்னது பொய்.

அந்தப் பெண் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதைக் கோப்பில் போட்டால் உங்களுடைய அனுமதியையும் திரும்பப் பார்ப்பார்கள், தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து ரயிலுக்கு நின்றபோது பசித்தது. பல நாளைக்குப் பிறகு நல்ல பசி.

2 ஏப்ரல், வெள்ளி

அதே வயதான அதிகாரி. அதே கதிரை. நீண்ட நேரம் கேள்விகள். பொய் சொன்னதற்காகக் கண்டித்தார். கண்டித்ததைக் கோப்பில் குறிப்பதாகச் சொன்னார். அனுமதியைத் திரும்ப எடுக்கவில்லை. விமலாதேவியின் கோப்பில் திருட்டு என்ற சொல்லைத் திருத்துவதாகவும் சொன்னார். எழும்பும்போது, ஏன் இவ்வளவு காலம் கழித்து என்று கேட்டார். அவள் என் சிநேகிதி என்றேன்.

அவளுக்கு விண்ணப்பப் படிவத்தையும், நான் எழுதிக் கொடுத்ததன் பிரதியையும் அனுப்பிவைத்தேன்.

18 ஜூன், வெள்ளி

விமலாவிடமிருந்து நாலு பக்கம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

படிவத்தை நிரப்பவில்லையாம். வரமாட்டாளாம். ஒரு நூற்பாலையில் சாயப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள், நான்கு வருடப் படிப்பே போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். தேறாத அதே பாடம்தான் இப்போது தினமும் வேலையாம். விரல் நகமெல்லாம் நீலமாம். நான் எழுதிக் கொடுத்ததன் பிரதியைத் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் வாசித்துக் காட்டித் தமிழில் அர்த்தம் சொன்னாளாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி. "நீ வந்து பார்த்துட்டுப் போ, யோகா. எனக்கு இங்கே தனி வீடு இருக்கு."

மேலாளரிடம் டிசம்பருக்கு நான்கு கிழமை விடுப்புக் கேட்டேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியில் பயண முகவரிடம் போய்ச் சீட்டுக்குப் பதிந்தேன். முதலில் மதராஸ், அங்கிருந்து ரயிலில் கோயம்புத்தூர். யாழ்ப்பாணம் அதற்குப் பிறகு.

அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. முதலில் வீட்டுக்கு வராமல் எங்கே போகிறாய் என்று கேட்பா. நாளைக்கு எழுதவேண்டும்.