ஒரே வெள்ளம், இரண்டு நாவல்

பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூன் 2024

அன்புள்ள ஜனனி,

கிள்ளான் வீடு பழகிவிட்டதா? பரீட்சை வருஷத்தில் கதை என்ன கதை என்று அம்மா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் லைட்டோடு இந்தக் கடிதம். எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து அங்கே வேலைக்கு வரும் கேரன் அக்கா கொண்டு வந்து தருவார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளி நாவல் போட்டிக்கு எழுதினேனே, நகரம் வெள்ளத்தில் மூழ்குகிறது, அடுக்குமாடி உச்சியில் சிக்கியவர்கள் அரிசி குறையக் குறையச் சீட்டுப் போட்டு ஒருவரைப் படகில் அனுப்பிவிடுகிறார்கள் என்று? எழுதி முடித்த பிறகு நூலகத்தில் ஓர் ஆங்கில நாவலை எடுத்தேன். அதே வெள்ளம், அதே மாடி, அதே சீட்டு. போட்டியை நடத்தும் சிவநேசன் சார் என்னை நம்புவாரா? வகுப்பில் எல்லார் முன்னாலும் திருடி என்று சொல்லிவிட்டால்? பதினான்காம் தேதி கடைசி நாள். கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருக்கிறது.

இரண்டையும் அனுப்புகிறேன். படித்துவிட்டு உண்மையைச் சொல்.

உன்
ஷார்மைன்

கிள்ளான்
9 ஜூன்

என் பயந்தாங்கொள்ளிக்கு,

ஆரம்பம் ஒன்றுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்த நாவலில் சீட்டு விழுந்த பையனை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். படித்துவிட்டு லைட்டை அணைக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

உன்னுடையதில் சீட்டு விழுந்த லெட்சுமி ஆன்டியிடம் மாடியே திரண்டு வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறது. ஆளாளுக்குச் சோற்றைப் பொட்டலம் கட்டுகிறார்கள். கட்டிக் கட்டி மிச்சமிருந்த அரிசியும் தீர்ந்துவிட, இனிச் சாப்பாடு படகில்தான் என்று எல்லாருமே அதில் ஏறிக்கொள்கிறார்கள்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உலகமே அழிஞ்சு போச்சு, இவங்க இன்னும் சோத்தைக் கட்டித் தாப்பாவ் பண்ணிக்கிட்டு இருக்காங்க லா," என்று சிரித்ததில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. இதை நீ எங்கேயிருந்து திருட முடியும்?

ஒரே ஒரு குறை. உயிர் பிழைக்கும் கதையென்றால் ஒருத்தராவது சாக வேண்டாமா, டி?

சாரிடம் நீயே முதலில் சொல்லிவிடு. இரண்டையும் கேரன் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்தால் உன்னோடு பேச மாட்டேன்.

ஜனனி

பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூன்

என் ஜனனி,

செவ்வாய்க்கிழமை இரண்டையும் சார் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வகுப்பில் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று கூப்பிட்டார்.

"காப்பியடிச்சதா இருந்தா, ரொம்ப மோசமா காப்பியடிச்சிருக்கம்மா," என்றார். "அதுல முக்கால்வாசிப் பேரு செத்துட்டாங்க. உன்னுதுல ஒரு ஆள்கூட சாகல."

சாகடிக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை சார் என்றேன். அவர் சிரித்துவிட்டார், டி. சாருக்கு முன்பல்லில் இடைவெளி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பேரு எங்கே?" என்றார்.

பயத்தில்தான் போடாமல் விட்டிருந்தேன். தன் பேனாவைக் கொடுத்தார். நின்றபடியே எழுதியதில் பெயர் கோணலாக விழுந்துவிட்டது. வேறு தாள் தரவா என்று கேட்டார். வேண்டாம் சார், இதுவே இருக்கட்டும் என்றேன்.

உன்
ஷார்மைன்