கால்வெஸ்டன் பாறையில் குட்டைக் கம்பு

கேட்டி ஊரில் இருக்கும் அபார்ட்மென்ட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறோம். நேற்று மதியம் க்ளோசெட்டின் மேல்தட்டிலிருந்து என் பழைய தூண்டில் பையை இழுத்தேன். ஜிப்பைத் திறந்ததும் காய்ந்த இறாலும் உப்பும் கலந்த நாற்றம் அடித்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலது கால் தானாக மடங்கிக்கொண்டது. ஐந்து வருடம் ஆகியும் என் காலுக்கு அந்த நாற்றம் மறக்கவில்லை. நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இதைச் சொல்லிச் சிரிக்க வேறு ஆள் இல்லாததால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறில் நாம் இரண்டு பேருமே ஹெச்-ஃபோர், கணவரோடு வந்த மனைவிக்கான விசா. வேலைக்குப் போகக்கூடாது. கணவர்கள் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணி வரை நமக்கு நாமே. நான் அப்போது எல்லாவற்றுக்கும் பயந்தேன். ஃபோன் அடித்தால் பயம், ஃப்ரீவேயில் ஓடும் கார்களோடு மெர்ஜ் பண்ணப் பயம், என் கணவர் "இன்னிக்கு என்ன பண்ண?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் பயம். நீயோ கவுன்ட்டி லைப்ரரியில் கடல் தூண்டில் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடு போடாத குறையாகப் படித்தாய். வாழ்நாளில் உடுமலைப்பேட்டைப் பக்கத்து வாய்க்கால் மீனைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்க்காதவள். "எங்கூட்டுக் கிணத்துல நீச்சல் அடிச்சவ நான். நான் இருக்கறப்ப உனக்கென்ன?" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உன்னோடு கடலுக்கு வந்தேன்.

தூண்டில் கடைக்காரர் உன் கணவர் எப்போது வருவார் என்று கேட்டதும், அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது, எனக்குத்தான் வேண்டும் என்று நீ நிதானமாகச் சொன்னது நினைவிருக்கிறது. பன்னிரண்டு அடிக் கம்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனியை என்னை இழுக்கச் சொன்னாய். நுனி வளைய வேண்டும், அடிக்கம்பு விறைப்பாக நிற்க வேண்டும் என்பது உன் கணக்கு. அப்புறம் மிதக்கும் தக்கை, ஈயக்குண்டு, சின்னத் தூண்டில் முள், பத்து பவுண்ட் தாங்கும் தூண்டில் நரம்பு, இரைக்கு இறால். தக்கை நரம்பில் மேலும் கீழும் ஓடும். ஆழம் பார்த்து ஒரு நூல் முடிச்சுப் போட்டால் அங்கே நின்றுவிடும். அதனால் இரை பாறையில் சிக்காமல் அந்தரத்தில் தொங்கும் என்று விளக்கினாய். எட்டடிப் பிடி வைத்த வலை ஒன்றையும் எடுத்தாய். திமிங்கலமா பிடிக்கப்போகிறாய் என்று கேட்டேன்.

நான் எடுத்தது ஆறடிக் கம்பு. "பாறைல நிக்கறதுக்கு நீளம் வேணும் புள்ள. குட்டையா இருந்தா நரம்பு கல்லுல ஒரசும். நீ கீழ எறங்கிப் போவ" என்றாய். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு அடிக் கம்பை க்ளோசெட்டில் ஒளிக்க முடியாது. அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் திட்டியிருக்க மாட்டார். இருந்தும் பயம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கால்வெஸ்டனில் கடலுக்குள் நீளும் கருங்கல் வரிசையில் பாதி தூரம் போய் நின்றோம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. உன் தக்கை தெளிந்த தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. என் நரம்பு நீ சொன்னபடியே கல்லில் உரசியது. ஒரு கல் இறங்கினேன். இன்னொரு கல் இறங்கினேன். பாசி வழுக்கியது.

தூரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அது கடந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் பின்வாங்கியது. அதுவரை பார்த்திராத பாறைகளெல்லாம் கறுப்பாக, ஈரமாக வெளியே வந்தன. என் தக்கை தரையில் சாய்ந்து கிடந்தது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல வா" என்றாய். குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கப்பல் இழுத்த தண்ணீர் அலையாகத் திரும்பியது. முதல் அலை இடுப்பளவு வந்தது. கால் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. இரண்டாவது அலையில் கழுத்து வரை தண்ணீர். கத்த வாய் திறந்தேன். உப்புத்தான் உள்ளே போனது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். கூடவே, ஏன் அங்கே போனாள் என்று அவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருப்பாரே என்றும் நினைத்தேன். அந்த நேரத்திலும் அந்தப் பயம்.

நீ மேல்கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் இடுக்கில் ஊன்றி, வலையின் பிடியை என் பக்கம் நீட்டியிருந்தாய். "என்னையவே பாரு. தண்ணியப் பாக்காத. ஷூவ விட்டுட்டுக் கால மட்டும் உருவு."

முடியவில்லை என்றேன். "முடியும். நான் எங்கயும் போவல" என்றாய். குனிந்து லேஸை அவிழ்த்தேனா, பிய்த்தேனா, தெரியாது. மூன்றாவது அலை தலைக்கு மேல் போனது. அது இறங்கியபோது என் இரண்டு கையும் பிடியில் இருந்தன. நீ இழுத்தாய். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் கல்லிலேயே தங்கிவிட்டது. கம்பு, ரீல், ஒரு ஷூ எல்லாம் கடலோடு போயின.

காருக்கு வந்தும் நீ கிளப்பவில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றிச் சுற்றி உன் கை தடவியது. சாவியை நான் வாங்கிச் செருகினேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றாய். "கிணத்துல எங்கண்ணன்தான் அடிப்பான். நான் படியில உக்காந்திருப்பேன். அப்படிச் சொன்னாத்தான் நீ வருவேன்னு சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அவர் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அடுத்த முறை சனிக்கிழமை போங்கள், நானும் வந்து நிற்கிறேன் என்றார். இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை உன் கதவைத் தட்டினேன். நீளக் கம்பு வாங்கி, மேல்கல்லிலேயே நின்று, தக்கையைவிடக் கப்பல்களையே அதிகம் பார்த்தபடி, நீ நியூ ஜெர்சிக்குப் போகும்வரை போய்வந்தோம். ஒரு நாளும் பயமில்லாமல் நான் நின்றதில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஆபரேஷனுக்கு முன்னால் நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். மற்றவர்களெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்கிறார்களாம். "எனக்குப் பயமா இருக்கு புள்ள" என்றாய். ஆறுதல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். நீ மூச்சு விடுவது கேட்டது. "அப்பச் சரி. ஃபோன வெச்சுராத" என்றாய். அதற்கு மேல் நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். கடைசியில் நர்ஸ் வந்துதான் உன்னிடமிருந்து ஃபோனை வாங்கினாள்.

என் மகளுக்கு நாலு வயது. இடி இடித்தால் ஓடிவந்து, "அம்மா, ஐ ஆம் ஸ்கேர்ட்" என்கிறாள். பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன். என் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.