படித்தேன், சம்மதம்

மதுரை,
பிப்ரவரி 18, 2025.

மரியாதைக்குரிய அண்ணன் பீர் முகமது அவர்களுக்குத் தம்பி சௌந்தரராஜன் வணக்கத்துடன் எழுதுவது.

மூட்டு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே எழுந்து நடந்துவிட்டீர்கள் என்று அனீஸ் போனில் சொன்னான். சபுரா அக்காவுக்குச் சென்னை ஒத்துக்கொண்டதா என்று கேட்டேன். தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அம்மா குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றான். ஆகவே இருவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே உங்கள் சமூக அறிவியல் வகுப்புகளை நாங்கள் பங்கு போட்டு எடுக்கிறோம். முகலாயர்களை உடற்கல்வி ஆசிரியர் நடத்துகிறார். பானிபட் போர் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

போனில் சொல்லாமல் இத்தனை பக்கம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்துடன் இருக்கும் தாளில் உங்கள் கையெழுத்து மையால் வேண்டும். அது போக, போனில் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள்.

விஷயம் ஏழாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவில் ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குக் கதை புரிகிறது, செய்தி புரியவில்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆண்டுத் தேர்வுக்கு முன்பு, கதையல்லாத உரைப்பத்தியைப் படித்து விடையெழுதும் திறனைத் திருப்புதல் செய்ய வேண்டும் என்று உத்தரவு. பாடநூல் பத்தி கூடாது. அன்றாடம் கண்ணில் படுகிற எழுத்தாக இருக்க வேண்டுமாம். இதை விளக்கும் நாற்பது பக்கக் கையேடு என் பையில் கசங்காமல் இருக்கிறது.

நான்கு பத்திகள் எளிதாகக் கிடைத்தன. மின்தடை அறிவிப்பு ஒன்று, காய்ச்சல் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம் ஒன்று, ஆரப்பாளையம் பேருந்து நேர அட்டவணை, கீழக்குயில்குடி சமணர் மலையில் சிற்பங்களைச் சேதப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கும் பலகை. ஐந்தாவது அகப்படவில்லை. ஆசிரியர் அறை மேசையில் சுற்றறிக்கைப் பதிவேடு கிடந்தது. ஜனவரி இருபதாம் தேதிச் சுற்றறிக்கை இரண்டு பக்கம், நடை நல்ல கரடுமுரடு. பயிற்சிக்கு உதவும் என்று நகல் எடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட காகிதத்தை யார் படிப்பார்கள்?

எல்லாப் பத்திக்கும் ஒரே கேள்விகள்தான். யார் யாருக்கு எழுதியது? முக்கியச் செய்தி என்ன? அதற்குச் சான்றான வரி எது? இதனால் யாருக்கு என்ன நேரும் என்பதைச் சொந்த நடையில் எழுதுக. மின்தடை அறிவிப்புக்கு அசாருதீன், "முக்கியச் செய்தி: நாளை காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. சான்று: போன மாதமும் இல்லை" என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் போட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன். அது பவதாரிணியுடையது.

பவதாரிணியை உங்களுக்குத் தெரியும். ஆரப்பாளையத்தில் இளநீர் விற்கும் சிவபாண்டியின் மகள். வைகை கடலில் கலக்கிறது என்று நீங்கள் நடத்தியபோது, "எங்க சார் கலக்குது? இங்கனயே தண்ணியக் காணோம்" என்று எழுந்து கேட்டாளே, அவள்தான். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் பத்தி. வழக்கம்போல முதலில் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழித்தேன். விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்தேன். பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்தேன். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது. பிழை நீக்கி, மற்றபடி அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"தாளாளர் ஐயா ஆசிரியர்களுக்கு எழுதியது. முதல் பத்தியில் ஆண்டு விழா பற்றி இருக்கிறது. ஆனால் அது முக்கியச் செய்தி இல்லை. எங்கள் பிரிவை மூடுவதுதான் முக்கியச் செய்தி. சான்று, நான்காம் பத்தி: 'ஆறு முதல் எட்டு வரையிலான தமிழ்வழிப் பிரிவுகள் வரும் கல்வியாண்டு முதல் திருப்பரங்குன்றம் கிளைப் பள்ளியுடன் இணைக்கப்படும். இதற்கு ஆசிரியர்கள் முழுமனதுடன் இசைவு அளிக்கின்றனர்.' இந்த வரிக்கு அடியில் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இதனால் எனக்கு என்ன நேரும் என்றால், திருப்பரங்குன்றத்துக்கு பஸ்ஸில் போக அப்பா விடமாட்டார். அக்காவை அப்படித்தான் நிறுத்தினார். நானும் நின்றுவிடுவேன். கீழே பதினொரு பேர் 'படித்தேன், சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எட்டாவது கையெழுத்து தமிழய்யாவுடையது. அவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அதனால் இதில் ஏதோ நன்மை இருக்கும். எனக்குத்தான் புரியவில்லை."

செய்தி தெளிவு. சான்று சரி. நடை சொந்தம். கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் தாளை இன்னும் திருப்பித் தரவில்லை.

அலுவலக உதவியாளர் முத்திருளனைத் தேடிப் பிடித்தேன். அன்று வகுப்பு வாசலில் பதிவேட்டை நீட்டி, "ஆண்டு விழா சமாச்சாரம் சார், சட்டுன்னு போடுங்க" என்றவர் அவர்தான். "மொதப் பத்தி அதானே சார் இருந்துச்சு. மிச்சத்த நீங்க வாசிப்பீகன்னுல்ல நெனச்சேன். நான் பத்தாவது பெயிலு. நீங்க அம்புட்டுப் பேரும் பி.எட்." என்றார். தலைமையாசிரியை சீதாலட்சுமி அம்மா, ஆசிரியர்கள் படித்துப் பார்ப்பார்கள் என்ற தைரியத்தில் முதல் கையெழுத்தைப் போட்டாராம். அம்மாவே போட்டிருக்கிறாரே என்ற தைரியத்தில் மற்றவர்கள் போட்டோம். ஆசிரியர் அறையில் நான்காம் பத்தியை வாய்விட்டுப் படித்தபோது கணித ஆசிரியர் காசிமாயன் மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "முழுமனதுடன்னு யாரு சார் சொன்னது?" என்று கேட்டார். நாம்தான் என்றேன்.

அன்று மாலை ஆரப்பாளையம் போய் சிவபாண்டியைப் பார்த்தேன். "இங்கனன்னா நடந்து போறா, நடந்து வாரா, படிக்கட்டும். பஸ் ஏறிப் போற படிப்பு வேணாம் சார். மூத்தவளுக்கும் அதத்தேன் சொன்னேன்" என்றார், இளநீரைச் சீவிக்கொண்டே. நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று மெதுவாகச் சொன்னேன். அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சும்மா வெளாடாதீக சார். வாத்தியாரு படிக்காமப் போடுவாகளா? நாங்கதேன் கைநாட்டு."

மறுநாள் பத்துப் பேரும் தாளாளரைப் பார்த்தோம். கோப்பு இருபத்தெட்டாம் தேதி கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. இசைவைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் பதினொரு பேரும் காரணத்தோடு தனித்தனியே எழுதித் தர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் செல்லாது என்றார். பிறகு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "நீங்க பத்துப் பேரும் படிக்கலங்கிறத நம்புறேன்" என்றார். அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் வலித்தது. "பீர் சாரும் படிக்கலையாமா? அவர எழுதித் தரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

பத்துப் பேரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். காரணத்தை அவரவர் சொந்த நடையில் எழுதுங்கள் என்றேன். ஆறு பேர் என் தாளை வாங்கிப் பார்த்து எழுதினார்கள். அவசரத்தில் நான் விட்ட ஓர் எழுத்தை ஆறு பேரும் விட்டிருந்தார்கள்.

தாளாளரின் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. பதிவேட்டை எடுத்து அசலைப் பார்த்தேன். பவதாரிணி சொன்ன கோடு பென்சிலில் இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்டது. நகலில் வெட்டுப்பட்டுப்போன ஓரத்தில், 'அறைகள் காலியானால் ஆங்கிலவழிக்கு எத்தனை பணியிடம்?' என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. செய்தித்தாளைக்கூட ஸ்கேல் வைத்துப் படிப்பவர் நம் பள்ளியில் ஒருவர்தான். மற்ற எல்லோர் கையெழுத்தும் இருபதாம் தேதி. உங்களுடையது இருபத்திரண்டு. நம் ஆங்கிலவழிப் பிரிவில் ஜூன் முதல் மகள் இஷ்ரத்துக்கு வேலை என்று எங்களுக்கெல்லாம் நீங்கள் அல்வா கொடுத்தது இருபத்தேழு. நான் இரண்டு துண்டு தின்றேன்.

இவை சான்றுகள். முக்கியச் செய்தி என்ன என்று நான் எழுதவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். இப்போதுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று தெரிகிறது.

அண்ணே, இஷ்ரத் பி.எட். முடித்துவிட்டு மூன்று வருஷம் அலைந்தது எனக்குத் தெரியும். அவளுக்கும் ஏழாம் வகுப்பில் நான்தான் தமிழ் எடுத்தேன், இதே அறையில். என் மகள் இந்துப்ரியா அடுத்த வருஷம் படிப்பை முடிக்கிறாள். அன்று நான் அந்த நான்காம் பத்தியைப் படித்திருந்தால், அதில் அவளுக்கு ஓர் இடம் இருந்திருந்தால், என்ன செய்திருப்பேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நிச்சயமான பதில் வரவில்லை. நான் படிக்காததால் தப்பித்தவன், அவ்வளவுதான்.

பென்சில் கோடும் ஓரக் குறிப்பும் இப்போது பதிவேட்டில் இல்லை. ஏழாம் வகுப்பில் அழிப்பானுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளிடம் இருந்த நகல்களையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்களுக்கான தாளில் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். 'படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்று நாங்கள் எழுதியதையே நீங்களும் எழுதுங்கள். உங்களுக்குச் சேராத அவமானம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் வந்தால் அந்தப் பிள்ளை ஜூன் மாதம் எட்டாம் வகுப்புக்கு நடந்தே வருவாள். திங்கட்கிழமைக்குள் அனீஸ் கூரியரில் சேர்த்துவிட்டால் போதும்.

உங்கள் கால் சீக்கிரம் பழைய பலத்துக்கு வரட்டும். யாரையும் காலி செய்யாத ஓர் அறையில் இஷ்ரத்துக்கு நல்ல வேலை அமையட்டும். நீங்கள் எழுதி அனுப்புவதை நான் நம்புவேன், அண்ணே. யார் வந்து கேட்டாலும் சொல்வேன். நீங்கள் அதைப் படிக்கவே இல்லை.

என்றும் உங்கள் தம்பி,
சௌந்தரராஜன்