ஸ்ருதி இறங்கிய இடது காது

உன் பாட்டுப் புத்தகத்தை உன் மகள் நேற்று கொண்டுவந்து கொடுத்தாள். அட்டையைத் திறந்ததும் உன் அலமாரியின் பாச்சை உருண்டை வாசனை அப்படியே வந்தது. கூடவே நாலாக மடித்த ஒரு காகிதம் மடியில் விழுந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு காது மருத்துவரிடம் நீ செய்துகொண்ட பரிசோதனையின் வரைபடம். வலது காதின் கோடு ஒழுங்காகப் போகிறது. இடது காதின் கோடு தொடக்கத்திலேயே பள்ளத்தில் கிடக்கிறது. பின்பக்கத்தில் டாக்டர் கையெழுத்தில், 'உப்பு குறைக்கவும். பெரிய சத்தம் கூடாது.'

என்னை உனக்குத் தெரியும். முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தேகம். இந்தக் காகிதம் தற்செயலாக உள்ளே இருந்ததா, அல்லது என்னைக் குத்திக்காட்ட உன் மகள் வைத்துக் கொடுத்தாளா? பாலை மூன்று முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் காய்ச்சுகிறவள் நான். "நீ போலீஸ்ல சேர வேண்டியவடி, தப்பித் தவறி டீச்சர் ஆயிட்ட" என்று பள்ளிக்கூட நாளிலிருந்து என்னைத் தெரிந்த நீ சொல்லுவாய்.

மயிலாப்பூரில் நம் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை இருபது வருடம் நாம் இருவரும்தான் இழுத்துக்கொண்டு போனோம். நான் கீபோர்டு, நீ முதல் குரல். கடைசி வருடம் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டைப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய். அந்தச் சிரிப்பையே நான் நம்பவில்லை. இரண்டு வாரத்தில் உன் குரல் அரை ஸ்ருதி கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு சரியாகப் பாடுவாய், அடுத்த ஞாயிறு இறங்கும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு இப்படி வாரம் விட்டு வாரமா வரும்? வேண்டுமென்றே கெடுக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கேட்கவும் கேட்டேன். "இன்னாடி ஆச்சு உனக்கு? அவ பாடுறப்ப மட்டும் ஸ்ருதி இறங்குது?"

"காதுக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரியே கீதுடி. கீபோர்டு இந்தக் காதுல ஒண்ணா கேக்குது, அந்தக் காதுல வேறயா கேக்குது."

இவ்வளவு அழகாக ஒரு சாக்கை யோசித்து வைத்திருக்கிறாளே என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்கே போனேன். உண்மைதானா என்று பார்க்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. காது சோதிக்கும் சின்னப் பெண் ஒருத்தி சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னாள். உள்காதில் மயிரிழை போல முடி வைத்த செல்கள் இருக்கின்றனவாம். மேலே ஒரு வகை உப்புநீர், கீழே வேறு வகை உப்புநீர். சத்தம் வரும்போது அந்த முடி வளையும், செல் மூளைக்குச் சேதி அனுப்பும். உப்பின் அளவு பிசகினால் தண்ணீர் இடம் மாறுமாம். செல் ஊதும், இல்லை சுருங்கும். ஓரளவுக்குத் தானே பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது, சில நாள் ஸ்ருதியே மாறிக் கேட்கும்.

"அந்த நேரத்துல பெரிய சத்தம் போய் மோதுச்சுன்னா அந்த முடி கெட்டுப்போயிடும் ஆன்ட்டி. போனது திரும்ப முளைக்காது. அவங்க சத்தத்துக்குப் பக்கத்துல இருப்பாங்களா?"

உன் இடது தோளை ஒட்டி ஸ்பீக்கரை நிறுத்தியது நான்தான். உனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால் கேட்க வைக்கிறேன் பார் என்று ஒலியைக் கூட்டியதும் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. உப்பைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"சாப்பிடுற உப்பு சில பேருக்கு அதிகப்படுத்தும்னு சொல்வாங்க. இவங்களுக்கு அதான் காரணமான்னு உறுதியா சொல்ல முடியாது."

சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் தொண்டைக்கு நல்லதென்று எல்லோர் கையிலும் உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொடுப்பேனே. என் கையால் ஊறப்போட்டது, குழுவில் யாரும் மறுத்ததில்லை. ஒரு சனிக்கிழமை நீ, "எனக்கு வேணாம்டி" என்றாய். அவ்வளவு பேர் நடுவில் நான் கேட்டேன், "ஏன், இப்பெல்லாம் நான் குடுத்தா தொண்டையில எறங்காதோ?" நீ இரண்டு எடுத்துத் தின்றாய். அடுத்த சனிக்கிழமையும் தின்றாய். டாக்டர் காகிதத்தில் இருக்கும் தேதி அதற்கு முந்தைய வாரம்.

அந்த மாதக் கடைசியில் உன்னைக் குழுவிலிருந்து நிறுத்தினேன். ஃபாதரிடம் வயதைக் காரணமாகச் சொன்னேன். உனக்கும் எனக்கும் ஒரே வயது.

போன மாதம் மாரடைப்பில் நீ போனபோது அடக்கத்துக்கு வந்தேன். உன் வீட்டார் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் கவனித்துக்கொண்டு நின்றேன், உன்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது எழுதும்போதும் சந்தேகம் விடவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேனோ என்று என்மேலேயே சந்தேகம். இனி ஒத்திகையில் யாருக்காவது ஸ்ருதி இறங்கினாலும் பழைய புத்திதான் முதலில் எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் கீபோர்டை நிறுத்திவிட்டுக் காதுக்கு என்ன என்று கேட்பேன்.

ஒன்று மட்டும் இறக்கி வைக்க முடியவில்லை. நிறுத்திய பிறகும் நீ ஞாயிறு தவறாமல் வந்தாய். முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாய். பீடத்துக்கு வலப்பக்கம் நாங்கள் நிற்போம். பாட்டுத் தொடங்கியதும் நீ முகத்தை இடப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொள்வாய், பாட்டு முடியும்வரை திரும்ப மாட்டாய். பார், என் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்கவில்லை, எவ்வளவு ஆங்காரம் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காது சோதிக்கும் அந்தப் பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது காது போனவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று செய்து காட்டினாள். தலையை அப்படியேதான் திருப்பினாள். மீதமிருந்த ஒரே நல்ல காதை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு, நீ நான் வாசிப்பதைக் கேட்டிருக்கிறாய்.