திறப்பு விழாவுக்குக் காத்திருந்த ஈரல்

நாள் 212, புதன், காலை 7.10
நிலவு மருத்துவ ஆய்வு நிலையம். எழுதுவது ஜெசிந்தா, உயிரணு ஆய்வாளர். இங்கே இருவர்தான். கசிவை அடைக்கப் போன பொறியாளர் இசக்கிமுத்து நச்சுப்புகையைச் சுவாசித்துவிட்டார். அவருடைய ஈரல் செத்துக்கொண்டிருக்கிறது. அவர் உயிரணுவிலிருந்தே தொட்டியில் வளர்த்த ஈரல் இன்று தயார். எடை 1,310 கிராம். பித்தம் சுரக்கிறது. எனக்கு வளர்க்கத்தான் தெரியும். பொருத்த வேண்டியது அறுவை இயந்திரம். அதன் பூட்டைத் திறக்கும்படி பூமியைக் கேட்டிருக்கிறேன்.

நாள் 212, மாலை 4.25
பூமியிலிருந்து: "டாக்டர், மெஷின் இன்னும் திறப்பு விழா ஆகலையே. தலைவர் கையால பட்டன் அழுத்தணும். வெள்ளி வரைக்கும் அவர் டூர். சனி அஷ்டமி, ஞாயிறு நவமி. திங்கள் பத்தரைக்கு வெச்சிருக்கோம். ஆமா, பேஷண்ட் குடிப்பாரா?"
காபிகூடத் தொடாத மனிதர். இதை மூன்று முறை அனுப்பினேன். திங்கள் வரை தாங்க மாட்டார் என்பதை ஐந்து முறை.

நாள் 214, காலை 9.40
கண் முழுக்க மஞ்சள். வயிறு ஊதிவிட்டது. பூட்டை நானே திறக்கப் பார்த்தேன். இன்னொரு தப்பான எண் போட்டால் இயந்திரம் நிரந்தரமாக முடங்கிவிடுமாம். திருட்டுப் பயம்! நிலவில் எவன் வந்து திருடுவான்?
பூமியிலிருந்து: "மெஷின்ல ஒரு ரிப்பன் கட்டி போட்டோ அனுப்புங்க டாக்டர்."
கட்டவில்லை. கட்டவும் மாட்டேன்.

நாள் 215, பகல் 1.15
வார்டு ஒலிபெருக்கியில் இசக்கிமுத்து: "டாக்டரம்மா, ஏழாம் நம்பர் வால்வ மறக்காம ஒரு சுத்து இறுக்கிருங்க. தொட்டில கெடக்க நம்ம பய எப்படி இருக்கான்?"
நன்றாக இருக்கிறான் என்றேன். பாவிகளா, அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

நாள் 216, மாலை 6.02
இசக்கிமுத்து இறந்துவிட்டார். தகவல் அனுப்பினேன்.
பூமியிலிருந்து: "ரொம்ப வருத்தம் டாக்டர். பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. நாளைக்கு நேரலைல மட்டும் இதைச் சொல்லிராதீங்க."

நாள் 217, திங்கள், காலை 10.30
பூமியிலிருந்து கைதட்டல் கேட்டது. பூட்டு திறந்தது. கேமராவை இசக்கிமுத்துவின் முகத்துக்குத் திருப்பினேன். நேரலையை வெட்டிவிட்டார்கள்.

10.52
ஏழாம் வால்வை இறுக்கினேன். இயந்திரம் நான்கு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. "ஈரல் தயார். நோயாளியைப் படுக்க வைக்கவும்." நிமிடத்துக்கு மூன்று முறை. அணைக்கப் போவதில்லை. அந்தக் குரலைப் பூமியின் எல்லா அலைவரிசைகளுக்கும் திருப்பிவிட்டேன்.
கேளுங்கடா.