மழித்த முட்டி

1987 மார்ச் 9

சிலேட்டு இன்று மறுபடி கடித்தான். இடது முன்கை. இரண்டு வருடம் முன்பு சுண்டுவிரலையே எடுத்துக்கொண்டவன், இன்று சதையோடு நிறுத்திக்கொண்டான். முன்னேற்றம்தான்! மூக்குச் சங்கிலியை இறுக்கிச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, "செத்தடா நீ" என்று காதுக்குள் கத்தினேன். காதை மடக்கிக்கொண்டு முறைத்தான். இந்த டிப்பரரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இந்தச் சாம்பல் நிறப் பொலிகுதிரையின் பக்கத்தில் போகத் துணிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

முதலாளி கார்மடி ஓடிவந்தார். என் கையைப் பார்க்கவில்லை, குதிரையின் பல்லைப் பார்த்தார்.

இந்த வசந்தத்தில் அவனுடைய முதல் குட்டிகள் பிறக்கின்றன. பந்தயத்தில் ஜெயித்ததெல்லாம் பழைய கதை. இனிமேல் அவன் நல்லவனா கெட்டவனா என்பதைக் குட்டிகளின் கால்கள்தான் சொல்லும்.

மார்ச் 23

என் மனைவி ஊனாவின் தம்பி ஃபின்டன் வீட்டில் குட்டி பிறந்திருக்கிறது. செம்பட்டை நிறம், பெண். அவனிடம் இருப்பது ஒரே ஒரு பெண்குதிரை. போன வருடம் அதை சிலேட்டிடம் அனுப்பச் சொல்லி அவன் உயிரை வாங்கியவன் நான்தான்.

குட்டியை எதிரில் நிறுத்திப் பார்த்தோம். முன்னங்கால் முட்டிகள் இரண்டும் உள்ளே சாய்ந்து, ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நின்றன.

"என்ன மாமா இது?" என்றான்.

"குட்டின்னா அப்படித்தான் மாப்ள. நெஞ்சு அகலமானா கால் நேராயிடும்."

பொய் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

ஏப்ரல் 2

மூன்று பண்ணை, ஐந்து குட்டி. நான்குக்கு முட்டி சாய்ந்திருக்கிறது. தாய்கள் சரியில்லை.

ஏப்ரல் 11

கிழவர் டொனலியின் ஆண்குட்டியும் சிலேட்டுடையதுதான். இன்று காலை மேய்ச்சல் நிலத்தில் தாயோடு ஓடும்போது தன் முட்டியிலேயே தான் இடித்துக் கல்சுவரில் போய் விழுந்தது. நான் போனபோது இடது காலில் எலும்பு வெளியே வந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, உடைந்த காலையே ஊன்றி, மறுபடி மறுபடி. தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். டொனலி சுட்டார். தாய் வேலியை உடைத்துக்கொண்டு வந்து, ரத்தத்தை மோந்து பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தது.

சட்டையைத் துவைக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, ஈஸ்டர்

என்ன செய்துவிட்டேன்.

மதியம் ஃபின்டன் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம். சாப்பிட்டதும் என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி வைத்திருந்தான். அதைக் குட்டியின் தோளிலிருந்து தொங்கவிட்டான். நூல் முட்டியின் நடுவே இறங்கிக் குளம்பின் நடுவே போகவேண்டும். முட்டிக்கு வெளியே நாலு விரல் தள்ளித் தொங்கியது.

"எட்டு வீட்டுக்குப் போயிப் பாத்தேன் மாமா. எட்டு தாய். அதுல ஆறு குட்டிக்கு ஒரே முட்டி. எல்லாத்துக்கும் பொதுவா யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க."

"ஒன் குதிரை நொண்டி வம்சம். அதச் சொல்லு."

"சிலேட்ட மட்டும் ஒண்ணு சொல்லக்கூடாது. வெரலத் தின்ன குதிரைக்கு வக்காலத்து வேற."

அடித்தேன். ஒரே அடி. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை இன்னொரு முறை அடிக்கப் போனேன் – அதையும் எழுதத்தான் வேண்டும் – ஊனா நடுவில் வந்து நின்றாள்.

"அவன் சொன்னது பொய்யின்னா எதுக்குய்யா அடிச்ச?"

தனியாக வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21

ஃபின்டனின் பல்லையும் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம். சூப்பை உறிஞ்சித்தான் குடிக்கவேண்டும். ஊனா அங்கேயே இருக்கிறாள்.

ஏப்ரல் 27

அந்த நூலைப்போல் ஒன்று நானும் கட்டினேன். சிலேட்டின் தோளிலிருந்து விட்டேன். முட்டியின் நடுவே இறங்கிக் குளம்பின் நடுவே நின்றது. இரண்டு காலிலும்.

இவ்வளவு நேரான கால் உள்ளவனுக்கு எப்படி அந்த முட்டி? தாய்கள்தான். தாய்களாகத்தான் இருக்கவேண்டும். ஆறு தாய்களுமா?

மே 6

இணை சேர்க்கக் கொண்டுவந்த பெண்குதிரை காலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு உதைத்தது. சிலேட்டின் வலது முட்டியில், உள்பக்கம். கிழிந்து தொங்கியது. அவன் அதன் கழுத்தைக் கவ்வி உலுக்கினான். மூன்று பேர் தடியால் அடித்துப் பிரித்தோம். களமெல்லாம் ரத்தம்.

கால்நடை டாக்டர் நெஸ்ஸா வந்து மயக்க ஊசி போட்டு, தையல் போடுவதற்காக முட்டியைச் சுற்றி முடியை மழித்தார். மழித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"இது இன்னிக்கிப் பட்டதில்ல, மாலக்கி."

கறுப்புத் தோலில் இளஞ்சிவப்பாக இரண்டு கோடுகள். பழைய தழும்பு.

"குட்டியா இருந்தப்போ எலும்புல இரும்புக் கவ்வி அடிச்சு நிமித்தியிருக்காங்க. செம்பட்டைக் குதிரையா இருந்தா அந்த எடத்துல வெள்ளை முடி மொளச்சுக் காட்டிக்குடுத்திருக்கும். இவன் சாம்பல். வெள்ளையோட வெள்ளையாப் போயிடுச்சு. கால நிமித்துனா ரத்தத்துல இருக்கற கோணல் போயிடுமா?"

இடது முட்டியைத் தடவினேன். அதே இடத்தில், முடிக்கு அடியில், பார்லி மணி அளவு இரண்டு முடிச்சுகள். மூன்று வருடமாக இந்தக் காலைத் தினமும் கழுவுகிறேன்.

"நான் இந்தப் பண்ணையோட டாக்டர். வெளிய வாயத் தொறக்க முடியாது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மே 8

கார்மடியிடம் கேட்டேன்.

"நான் வளத்த குட்டிய்யா அது. எனக்குத் தெரியாதா? கோணக் கால நிமித்துனேன். கோணலாவே விட்டு நொண்ட வெச்சிருக்கணுமா?"

"நிமித்துனது தப்பில்ல. அதச் சொல்லாம ஊரார் குதிரையெல்லாம் சேத்துக்கிட்டீங்களே, அது தப்பு."

"இருபத்து நாலாந்தேதி சிலேட்டையும் அவன் குட்டிங்களையும் பாக்க ஊரே வருது. முப்பது குட்டியில நேரா இருக்கற ஆறப் பொறுக்கி வெச்சிருக்கேன். நீ வாய மூடிட்டுக் குதிரையப் புடி. அதுக்குத்தான் ஒனக்கு வேலை."

நான் அவரை அடிக்கவில்லை. நிஜத்தைச் சொன்னவன் தாடையை உடைத்தேன், ஏமாற்றினவனிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீயெல்லாம் என்ன மனுஷன்டா மாலக்கி.

மே 17

டொனலி தன் பெண்குதிரையை இந்த வருடமும் சிலேட்டிடம்தான் அனுப்பப் போகிறாராம். செத்த குட்டிக்குத் தன் கல்சுவர்தான் காரணம் என்று சுவரையே இடித்துவிட்டார்.

மே 24

வலது தோள் அசையவில்லை. இடது கையால், இருக்கிற விரல்களை வைத்து எழுதுகிறேன்.

காலையில் கார்மடி விருந்தாளிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சிலேட்டின் கொட்டடிக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். வலது முட்டியில் "உதை பட்ட காயம்" என்று கட்டுப் போட்டு மறைத்திருந்தார்கள். அதை அவிழ்த்து, மறுபடி வளர்ந்த முடியை மழித்தேன். பொறுத்துக்கொண்டான். இடது காலுக்கு மாறினேன். குனிந்த தோளில் பல்லை இறக்கினான். விடவில்லை. எலும்பு வரை போனது. நானும் விடவில்லை. கத்தினால் ஆள் வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கோடும் தெரிகிற வரைக்கும் மழித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அவன் மூக்கில் குத்தினேன்.

அப்படியே வெளியே நடத்திக்கொண்டு போனேன். நாற்பது பேராவது இருப்பார்கள். எல்லாரும் என் சட்டையில் இருந்த ரத்தத்தைத்தான் பார்த்தார்கள். "ஐயோ, கடிச்சிருச்சு பாரு!" என்று ஒரே சத்தம். ஒருத்தன்கூடக் காலைப் பார்க்கவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள் கார்மடி, "குதிரைய உள்ள கொண்டு போ" என்று கத்திக்கொண்டே வந்தார்.

கூட்டத்திலிருந்து ஃபின்டன் வந்தான். அங்கே காட்டுகிற குட்டிகளின் முட்டியைப் பார்க்க வந்திருந்தான். கட்டிய வாயோடு, ஒரு வார்த்தை பேச முடியாமல், நேராக நடந்துவந்து, பைத்தியக்காரன், சிலேட்டின் காலடியில் மண்டி போட்டான். சங்கிலியில் என் முழுப் பலத்தையும் போட்டுத் தொங்கினேன். அவன் ஒரு விரலை இடது முட்டியில் வைத்தான். அடுத்தது வலது முட்டியில். டொனலியைத் திரும்பிப் பார்த்தான்.

டொனலி குனிந்து பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

கார்மடி தடியை எடுத்து என்னைத்தான் அடித்தார். முதுகில் இரண்டு, காதோரம் ஒன்று. வாங்கிக்கொண்டேன். அது நான் வாங்கவேண்டிய அடிதான், கொடுக்கவேண்டிய ஆள்தான் வேறு. நாலாவது ஓங்கியபோது தடியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துப்போட்டேன்.

ஜூன் 3

சிலேட்டு போய்விட்டான். கடல் தாண்டி எங்கேயோ, பொலிக்கு இல்லாமல் சவாரிக்கு. வேலை போன எனக்கு உள்ளே அனுமதி இல்லை, சாலையில் நின்றேன். வண்டிக்குள்ளிருந்து அவன் உதைக்கிற சத்தம் சர்ச் வளைவு வரைக்கும் கேட்டது.

அழுதேன். கோணல் கால் அவன் செய்த குற்றமா?

ஜூன் 12

ஃபின்டனின் குட்டிக்கு நெஸ்ஸா கவ்வி போட்டார். தலையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டது ஊனா. அவள் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஃபின்டனின் தாடைக் கம்பியைக் கழற்றியாயிற்று. நெஸ்ஸாவிடம் பேசினான், நாயிடம் பேசினான். எனக்கு மட்டும் இன்னும் கம்பி போட்ட வாய்.

ஆகஸ்ட் 5

கவ்வியை எடுத்தார்கள். நூல் முட்டியின் நடுவே இறங்குகிறது. அதை ஃபின்டன் நாயிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

செப்டம்பர் 27

செம்பட்டை முட்டிகளில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. இரண்டு காலிலும் இரண்டிரண்டு கோடு, சாலையிலிருந்தே தெரிகிறது. டொனலி வந்திருந்தார்.

"கொஞ்சம் சாயம் போட்டுட்டா விக்கறப்போ தெரியாது, ஃபின்டன்."

"தெரியட்டும்" என்றான் ஃபின்டன். "நாளைக்கு இது தாயாகும். இதுக்குப் பொறக்கறத வாங்கறவனுக்கும் தெரியணும்."

அவர் போன பிறகு நான் குட்டியின் குளம்பைப் பார்க்கக் குனிந்தேன். கடித்தாள். பழைய தோளிலேயே, நல்ல கடி. என் கை தானாக ஓங்கிக்கொண்டு போனது. ஃபின்டன் பார்த்துக்கொண்டு நின்றான். கையை இறக்கினேன். கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்பன் புத்தி மாமா" என்றான். ஐந்து மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தாடை கொஞ்சம் இடதுபக்கமாகத்தான் அசைகிறது. "அதுக்குக் கவ்வி கெடையாது. பாத்துப் பாத்துத்தான் பழக்கணும்."

என் கை இருந்த பையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டினான்.